வெர்லீன் டப்ஸ் வீட்டைத் தண்ணீர் தள்ளிவைத்த கதை

மிச்சிகனில் உள்ள ஆர்லோ நகரசபை ஆட்கள் கட்டணப் பாக்கிக்காக வெர்லீன் டப்ஸின் குழாயை அடைத்துவிட்டுப் போன நாளிலிருந்து, தண்ணீர் என்று பேர் கொண்ட எதுவும் அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டு லெமுவேல் கேனில் சுமந்து வந்த நீர் கதவருகிலேயே வற்றியது. அந்த மார்ச்சில் தெருவெல்லாம் முழங்கால் அளவு பனி. அவள் கூரை மட்டும் கருவாடாகக் காய்ந்து கிடந்தது. ஆனாலும் கூரையில் விழும் மழை சாக்கடைக்குப் போவதற்கான நகரசபைக் கட்டணம் மாதம் தவறாமல் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. குளிக்கவும் குடிக்கவும் அவள் லெமுவேல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

தண்ணீரில்லாத வீட்டில் பிள்ளை இருக்கக் கூடாதென்று அதிகாரிகள் ஒன்பது வயது மகள் டெசாவை வேற்றூரில் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். குழாய் திறந்தால்தான் பிள்ளை திரும்பும். அந்த வருஷக் கடைசியில் மாநிலச் சட்டசபைக் குழுவின் முன் ஒரு மசோதா வந்தது. தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து வருமானத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வாங்கக் கூடாது, இல்லாதவர் வீட்டுக் குழாயை அடைக்கக் கூடாது என்றது அது. சாட்சியத்தை எழுதி அனுப்பினாலே போதும். ஆனால் எங்கள் தேவாலயச் சபையாருக்கு சாட்சி என்றால் எழுந்து நின்று சொல்வதுதான், அதுவும் கையில் அத்தாட்சியோடு.

"காயிதம் என்னத்தப் பேசும், சிஸ்டர்? அந்தக் குழாயையே கழட்டிட்டுப் போயி அவுங்க முன்னாடி வைங்க," என்றார் லெமுவேல்.

"வெச்சா எம்புள்ள வந்துருவாளா?"

"கல்லும் கரையும், போங்க."

வெர்லீன் சமையலறைக் குழாயைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினாள். குழுவின் மேசையில் அதை வைத்ததும் கூஜாக்கள் வற்றின. கட்டடத்தின் கழிவறைகள் உலர்ந்தன. அவளுக்குக் கொடுத்த மூன்று நிமிடத்தை அவள் நன்றாகவே பேசினாள். கேட்டவர்கள் கலங்கினார்கள், கண்தான் நனையவில்லை. வாக்கெடுப்புக்கு அழைக்க வேண்டிய தலைவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சைகையாலேயே கூட்டத்தை ஒத்திவைத்தார். அதுதான் அந்தச் சட்டசபைத் தொடரில் குழுவின் கடைசிக் கூட்டம். வாக்கெடுப்பு இல்லாமலே மசோதா செத்தது. பிறகு எட்டு வருஷத்தில் வேறு வேறு எண்களில் வந்த இன்னும் மூன்று மசோதாக்களும், அவள் போகாமலே, செத்தன.

இப்போது வீட்டு நிலவறையில் வெள்ளம் புகுந்தவர்கள் நனைந்த கம்பளங்களை அவள் வீட்டுக்குத்தான் கொண்டுவருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். டெசா மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறாள். அந்த வீட்டுக்குள் கண்ணீர் வராது என்பதால் படிக்கு வெளியிலேயே நின்று அழுகிறாள். வெர்லீன் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா."

"மெதுவா அழு. கோழி இப்பத்தான் வறுத்தேன், ஆறாது."