யுவராணிக்கு இல்லாத வீடு

அம்பத்தூர் வட்டாரத்தில் முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாக மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். நான் நுழையாத வாசல் இல்லை, என்னைப் பார்த்துக் குரைக்காத நாய் இல்லை. சில நாய்கள் தங்கள் குட்டிகளைக் கூட்டிவந்து என்னை அறிமுகம் செய்துவைத்ததும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகிற வீடு எங்கே இருக்கிறது என்று தேடி, ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. நான் பெருமையடிக்கும்போது குறுக்கே பேசக்கூடாது, அவ்வளவுதான்.

அப்படி வந்தவள் யுவராணி. வயது இருபத்தேழு. கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. முடி அளவு கோணலையும் வெறுங்கண்ணால் பிடித்துவிடுவாள். என் மூக்குக்கண்ணாடி அரை மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று அவள் சொல்ல, கடைக்காரன் அளந்து பார்த்து ஒரு வாரம் பேச்சிழந்து கிடந்தான். அம்மாவோடு கள்ளிக்குப்பத்தில், சரசா என்கிற அம்மாளின் வீட்டில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தாள். ஆறு போர்ஷனுக்கும் ஒரே பாத்ரூம். காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டுமென்றால் மூன்றரை மணிக்கே வாளியை வரிசையில் வைக்க வேண்டும்.

திருமுல்லைவாயில் பக்கம் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடியில் ஏழு வீடுகள் விற்காமல் மிச்சம் இருந்தன. சொந்த வீடு இல்லாதவர்களுக்கு மட்டும்; முந்தி வருபவர்களுக்கு முன்னுரிமை. அறிவிப்பு வந்த நொடியே போனில் தட்டினேன். பட்டியலில் யுவராணி ஏழாவது பெயர். ஏழு வீட்டுக்கு ஏழாவது பெயர். நான் பார்த்த பார்வையில் போன் சூடாகிவிட்டது.

சரிபார்ப்பு நாளன்று இருவரும் அலுவலகம் போனோம். அதிகாரி அம்மா கணினியைப் பார்த்தார், பிறகு யுவராணியைப் பார்த்தார்.

"உங்க பேர்ல ஏற்கெனவே வீடு இருக்கேம்மா, கள்ளிக்குப்பத்துல."

"எனக்கா மேடம்? எனக்கு பாத்ரூமே டர்ன்லதான் கீது."

"அங்க ஒரு மின் இணைப்புல உங்க ஆதார் இருக்கு. அது உங்க வீடு இல்லேன்னா ஓனர் நேர்ல வந்து, பத்திரத்தைக் காட்டி, எழுதிக் குடுக்கணும். நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் எட்டாவது ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

அந்த ஆதாரை இணைத்தவனே நான்தான்.

மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்ன சமயம், ஆறு மீட்டரும் ஒரே பெயரில் இருந்தால் மீட்டருக்கு நூறு என்று கிடைக்கும் இலவச யூனிட் போய்விடும் என்று சரசா பயந்தாள். மீட்டருக்கு ஒரு குடித்தனக்காரர் ஆதாரைப் போடச் சொன்னாள். அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். நானும் ஒரே மதியத்தில் ஆறையும் இணைத்து முடித்து, இரண்டு காபி குடித்துவிட்டு, உலக சாதனை படைத்தவன் போல நடந்து வந்தேன்.

அலுவலக வாசலில் யுவராணியிடம் இதைச் சொன்னேன்.

"நீ பண்ணதா மீட்டர் சார் இது?"

"ஆமாம்மா."

"சரி. ஆட்டோ புடி."

திட்டியிருந்தால் தேவலை.

எழுபது வயது சரசா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நேராகக் கேட்டால் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் வழியிலேயே ஒரு திட்டம் தீட்டியிருந்தேன்.

"சரசாக்கா, கம்ப்யூட்டர்ல இந்த ஊடு யுவராணிதுன்னு காட்டுது."

அவள் கை கீரையிலேயே நின்றது. "இன்னா சொல்ற மீட்டரு?"

"ஆபீசரம்மா வாயால சொல்லிச்சு. நாலு மணிக்குள்ள நீ போயி என் ஊடுன்னு சொல்லலேன்னா..." மேற்கொண்டு சொல்லாமல் கையை விரித்தேன். கீழ்ப்பாக்கம் வரைக்கும் தெரிகிற மாதிரி விரித்தேன்.

யுவராணி குறுக்கே வந்தாள். "இல்ல ஆயா. உன் ஊடு எங்கியும் போவாது. மீட்டர் சார் சும்மா பயம் காட்டுது. எனக்கு அங்க ஊடு கெடைக்கணும்னா, இது என் ஊடு இல்லேன்னு நீ வந்து சொல்லணும். சொன்னா அந்த மீட்டரு உன் பேருக்கே திரும்பிக்கும், இலவச யூனிட்டு போனாலும் போவும். அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

ஒரே மூச்சில் என் திட்டம் தரைமட்டமானது. சரசா எழுந்தாள், உள்ளே போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தேன். யுவராணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. பிறகு உட்கார்ந்து, சரசா விட்டுப்போன கீரையை ஆயத் தொடங்கினாள்.

கதவு திறந்தது. சரசா புதுப்புடவை கட்டியிருந்தாள். காலடியில் ஒரு தகரப் பெட்டி.

"இன்னா பாத்துக்கினு கீற மீட்டரு, தூக்கு."

தூக்கினேன். அந்தப் பெட்டியின் கனத்துக்கு ஆட்டோவின் முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பிவிட்டது. அதிகாரி அம்மாவின் மேஜையில் அதைத் திறந்தபோது, பத்திரம், வீட்டு வரி ரசீதுகள், கொத்தனாருக்குக் கூலி கொடுத்த சீட்டு உட்பட அந்த வீட்டின் ஜாதகமே வெளியே வந்தது.

"ஊடு என்னுது," என்றாள் சரசா. "இந்தப் பொண்ணுக்கு அதுல ஒரு செங்கல்லு கூட கெடையாது. ஆணி அடிக்கணும்னாலும் என்னியக் கேட்டுத்தான் அடிக்கும். எங்க எழுதணும், சொல்லு."

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "மீதி அஞ்சு மீட்டருக்கும் சேத்து எழுதிடட்டா?"

"அது இப்ப தேவையில்லம்மா," என்றார் அதிகாரி.

"அந்தக் குடித்தனங்களும் நாளிக்கு ஊடு கேட்டு இங்க வரும்ல?"

அதிகாரி அம்மா தட்டச்சு செய்வதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். முப்பத்து நான்கு வருடம் அந்த வீட்டு மீட்டரைப் பார்த்த நான், அன்றைக்குத்தான் சரசாவைப் பார்த்தேன்.

"அதை மின்சார ஆபீஸ்லதான் மாத்தணும்மா."

"மீட்டரு மாத்தும். கெடுத்ததே அதுதானே," என்று என்னைக் காட்டினாள்.

மூன்று நாற்பதுக்குத் திரையில் 'சொந்த வீடு: இல்லை' என்று வந்தது. யுவராணி அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். சொத்து இல்லை என்பதற்காக அத்தனை சந்தோஷப்பட்ட முகத்தை நான் கண்டதில்லை. முன்பணத்தை விண்ணப்பத்தோடு கட்டியிருந்ததால், கையோடு ஒதுக்கீட்டுத் தாளும் சாவியும் கொடுத்தார்கள். ஏழாவது மாடி.

வீட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள் சரசா. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. படியேறினோம். நான் மூன்றாவது மாடியில் ஒருமுறையும் ஐந்தாவதில் ஒருமுறையும் செத்துப் பிழைத்தேன். யுவராணி கதவைத் திறந்து, நேராக ஜன்னலுக்குப் போனாள். கீழே ஆவடி ரயில் எறும்பு வரிசையாக ஊர்ந்தது. கோயில் கோபுரத்தில் உட்கார்ந்திருந்த புறாக்களின் முதுகை நாங்கள் மேலிருந்து பார்த்தோம். என்னிடம் ஒரு அளப்பும் வரவில்லை.

சரசா வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். குடித்தனக்காரர் வீட்டுக்குள் அவள் கதவைத் தட்டி நுழைந்ததே கிடையாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், தூங்கிக்கொண்டிருந்தாலும் நேரே உள்ளே வருவாள். இப்போது செருப்பைக் கழற்றி, நிலைப்படியில் விரலால் இரண்டு முறை தட்டினாள்.

"உள்ள வரட்டா?"

யுவராணி திரும்பினாள்.

"வா ஆயா," என்றாள்.