உதறிவிட்டுப் போக ஓர் இடம்

நாளை மதியத்துக்குள் பினுகாயன், பிலிப்பைன்ஸ் தீவுகளிலேயே மூடநம்பிக்கை ஒழிந்த முதல் ஊராகிவிடும் என்று ஜெர்வில் அறிவித்தான். அறிவிக்கும்போது தரையில் மண்டியிட்டு, சித்தியின் சவப்பெட்டிக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் செருகிக்கொண்டிருந்தான்.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கு," என்றார் சித்தப்பா தோரிபியோ. "சரிஞ்சு படுத்தா அவளுக்குத் தூக்கம் வராது."

ஜெர்வில் தூக்கினான். கல்லூரியிலிருந்து ஒரு பேருந்து, இரண்டு படகு. தூங்கி இரண்டு நாளாகியிருந்தது. கோயிலிலிருந்து கொண்டுவந்த முப்பது நாற்காலிகள் வாசல்வரை வரிசையாக நின்றன. ஒன்றில் சித்தப்பாவின் துண்டு கிடந்தது. மற்றவை காலி. அடுப்பில் நாற்பது பேருக்கான காப்பி மூன்றாவது முறையாகச் சூடாகிக்கொண்டிருந்தது.

"ஒருத்தரும் வரலடா," என்றார் சித்தப்பா. "இவ போனா கூட்டம் தாங்காதுன்னு நெனச்சிருந்தேன். எல்லார் வீட்டுச் சாவுக்கும் அப்புறம் இங்கதானே வந்து உக்காந்தாங்க."

சிக்கலே அதுதான். சாவு வீட்டுக்குப் போனவர்கள் பினுகாயனில் நேரே தங்கள் வீட்டுக்குத் திரும்புவதில்லை. வழியில் எங்காவது நின்று, எதையாவது வாங்கித் தின்று, கூடவே வந்திருக்கக்கூடியதை உதறிவிட்டுத்தான் போவார்கள். அங்கே செத்தவர் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. நிற்பதற்கு ஊரில் இருந்த ஒரே இடம் பெர்ப்பிங் சித்தியின் கடை. இப்போது சித்தி அந்தக் கடைக்குள்தான், சோப்பு அலமாரிக்கும் மத்தி மீன் டப்பாக்களுக்கும் நடுவே படுத்திருந்தாள்.

ஊரைப் பற்றிய விவரக் குறிப்பு ஒன்றை நகராட்சி கேட்டபோது, இரண்டு வருஷம் முன்பு அதை நிரப்பிக் கொடுத்தவன் ஜெர்வில்தான். மக்கள்தொகை: 213. மின்சாரம்: மாலை ஆறு முதல் பத்து வரை, மனமிருந்தால். மருத்துவமனை: இல்லை. சுற்றுலாப் பயணிகளைக் கவர்வது: திரும்பிப் போகும் படகு. வணிக நிறுவனங்கள்: ஒன்று. ஊர்த் தலைவி லூர்திங் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். நகராட்சியும் படித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டது.

'கேப்டன்' என்பதைச் சுருக்கி ஊரே 'கேப்' என்று கூப்பிடும் அந்த லூர்திங் இப்போது வேலிக்கு வெளியே நின்றாள். பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி மீன்காரர் அபுந்தியோ. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், மாதா சிலையைப் பார்க்க வந்தவர்களைப் போல மரியாதையான தூரத்தில்.

"தோரிபியோ, மனசத் தேத்திக்கப்பா!" என்று அபுந்தியோ வேலிக்கு மேலாகக் கத்தினார்.

ஜெர்வில் வெளியே வந்தான். "உள்ள வந்து சொல்லுங்க. அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"வந்துட்டு? போகும்போது எங்க நிக்கிறதாம்?" என்றார் அபுந்தியோ.

"படகுத்துறையில நில்லுங்க."

"அங்க ஆளே கிடையாது."

"கோயில்ல?"

"கோயிலுக்கு ஆவியும்தான் கூடவே வரும். அதுக்கு அங்க வேலை இருக்கு."

"என் சித்தி அவ்ளோ முட்டாளா? நீங்க ஒரு பிஸ்கட் வாங்கித் தின்னா அவளுக்கு வழி மறந்துடுமா?"

"டேய், போன வருஷம் ஒரு சாவுக்குப் போயிட்டு எங்கயும் நிக்காம வீட்டுக்குப் போனேன். என்ன ஆச்சு? பன்னி செத்துச்சு."

"அந்தப் பன்னிய உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நீங்கதான வெட்டுனீங்க?"

"வெட்டுனேன். செத்துச்சா இல்லையா?"

பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஆதாரம் வலுவாகத்தான் இருந்தது.

ஜெர்வில் திரும்பிப் பார்த்தான். சித்தப்பா ஒரு நாற்காலியைத் துணியால் துடைத்துவிட்டு, பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தார். அதைக் காலையிலேயே துடைத்தாகிவிட்டது.

"சரி," என்றான். "கொப்பரைக் கொட்டகையில ஒரு கிளை திறந்துடறேன். பிஸ்கட், சிகரெட் எல்லாம் இங்கேருந்து தூக்கிட்டுப் போய் வைக்கிறேன். போதுமா? பலகைகூட எழுதி மாட்டறேன்."

"சாவு வீட்டுச் சாமான வித்தா அதுவும் சாவு வீடுதான்," என்றாள் கேப். வந்ததிலிருந்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. "விக்கிறவளும் இங்க வந்து போனவளா இருக்கக் கூடாது."

"அப்போ இங்க வராம ஒருத்தர் அங்க உக்காரணும். யாரு? கைதூக்குங்க பாக்கலாம்."

யாரும் தூக்கவில்லை. எல்லோருக்குமே பெர்ப்பிங்கின் முகத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்க்க வேண்டியிருந்தது. கேப் வேலியின் மூங்கிலில் கை வைத்து, வாசல் வழியே உள்ளே பார்த்தாள். அங்கிருந்து பெட்டியின் ஒரு மூலையும் சோப்பு அலமாரியும்தான் தெரியும்.

"நான் உக்காரறேன்," என்றாள்.

அபுந்தியோ தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "கேப், நீங்களா? ஒரே பாயில படுத்து வளந்தவங்க நீங்க ரெண்டு பேரும்."

"தெரியும். உன் வீட்டு வாழைக்குலைய வெட்டிக் கொண்டு வந்து கொட்டகையில போடு. சர்க்கரை என்கிட்ட இருக்கு." பிறகு ஜெர்விலிடம், "அந்தக் காப்பிய இதுக்கு மேல கொதிக்க விடாதீங்கடா. கசக்கும்," என்றாள். திரும்பி நடந்தாள்.

ஜெர்வில் உள்ளே போய்க் காப்பியை அடுப்பிலிருந்து இறக்கினான்.

இரவு பத்து மணிக்குக் கொப்பரைக் கொட்டகையிலிருந்து புகை எழுந்தது. பதினொன்றுக்கு நாற்காலி போதவில்லை. வந்தவர்கள் அழுதார்கள், ஜெபமாலை சொன்னார்கள், சீட்டு ஆடினார்கள், செத்தவளைப் பற்றிய பழைய கதைகளைச் சொல்லி அவளிடமே சரிபார்ப்பதுபோல் பெட்டிப் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். சித்தப்பா காப்பித் தட்டோடு ஆட்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வந்தார். ஒரு முறை பெட்டியருகே நின்று, குனிந்து, "பாத்தியா?" என்றார். போகிறவர்களெல்லாம் வாயைத் துடைத்துக்கொள்ளத் தயாராக, கொட்டகைப் பக்கமே போனார்கள்.

உடல் கெடாதிருக்க மருந்து ஏற்ற ஆள் இல்லாத தீவில் சாவுக்கு மூன்று நாள்தான். மறுநாள் பாதிரியார் படகில் வந்து இறங்கினார். பெட்டியை யார் சுமப்பது என்று சண்டை போட்டுக்கொண்டு ஆறு பேர் தூக்கினார்கள். மலையேற்றத்தில் இரண்டு முறை ஆள் மாற்றினார்கள். ஜெர்வில் மாற மறுத்தான். கல்லறைத் தோட்டம் ஊரின் மறுபக்கம். கொட்டகையில் இருந்தவளுக்குப் பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

எல்லாம் முடிந்து, சித்தப்பாவைப் படுக்க வைத்துவிட்டு அவன் கிளம்பினான். சின்ன வயதிலிருந்து அவனுக்குச் சாப்பாடு சித்தி வீட்டில், படுக்கை மட்டும் ஊர்க்கோடியில் இருந்த அம்மாவின் வீட்டில். அம்மா ஹாங்காங்கில் யாருடைய வீட்டையோ துடைத்துக்கொண்டிருந்தாள். விடுப்பு கிடைக்கவில்லை. கடற்கரை வழியாகப் போனால் வீடு பக்கம். தோள் எரிந்தது. கால்கள் தம் பாட்டுக்கு வந்தன.

அவன் கொட்டகை வழியாகப் போனான்.

கேப் தனியாக உட்கார்ந்து கரியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் எதிரே கவிழ்த்து வைத்திருந்த கூடையின் மேல் உட்கார்ந்தான்.

"ஒண்ணுதான் மிச்சம்," என்றாள். "ஆறிப்போச்சு."

"பரவால்ல, குடுங்க."

குச்சியில் செருகிப் பொரித்த வாழைப்பழத்தில் சர்க்கரை இறுகிப் பல்லில் ஒட்டியது.

"படகு எப்போ?"

"காலையில."

"கடல் அடிக்கும். துணிமணிய பிளாஸ்டிக் பையில கட்டி எடுத்துக்கோ."

"சரி கேப்."

அவள் எதையோ கேட்க வாயெடுத்தாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குவளையை எடுத்துக் கரியின் மேல் தண்ணீர் ஊற்றினாள். புகை இருவருக்கும் நடுவே எழுந்தது.

"மேற்கால கறுத்துக்கிட்டு வருது," என்றான் ஜெர்வில்.

"ஆமா. மழைதான்."

பழம் தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் குச்சியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து பாதைக்கு வந்தான். கால்சட்டையில் அப்பியிருந்த செம்மண்ணைக் குனிந்து உதறினான். மண் எல்லாம் போன பிறகும் இன்னும் இரண்டு முறை உதறினான்.