சுவரும் மூச்சு விட்டது

1

பதினோரு மணி நேரம் ஒரு கம்ப்யூட்டர் ஓடி, நாற்பது விநாடி வீடியோவைத் துடைத்தது. இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. எடிட்டிங் கடை வைத்திருக்கும் தோழி ஒருத்தி பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டு, "அசையாத இடத்துலதான் புள்ளி ரொம்ப ஆடும்" என்றாள். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். நான் அந்த வாக்கியத்தோடு உட்கார்ந்துவிட்டேன். மீதி கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: இருட்டு என்பது ஒரு—

(வேண்டாம். இருட்டு என்பது வெளிச்சம் போதாத இடம். அங்கே கேமரா இல்லாததையும் இழுத்துப் பிடிக்கப் பார்க்கும். படம் முழுக்க மணல் தூவியதுபோலப் புள்ளிகள் வரும். அவ்வளவுதான்.)

2

கடைக்கு ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். அக்கா தன் போனை எடிட்டரிடம் நீட்டினாள். எடிட்டர் இளம்பெண், கொஞ்சம் வாயாடி.

போனில் நாற்பது விநாடி வீடியோ. பகல்தான், ஆனால் ஜன்னல் திரையை இழுத்து மூடிய அறை. கட்டிலில் அப்பா. நெஞ்சுவரை வெள்ளைப் போர்வை. எடுத்தவன் தம்பி. எட்டாவது விநாடியில் அக்காவின் குரல், இன்னொரு போனிலிருந்து: "அப்பா, கிளம்பிட்டேன்ப்பா. வந்துட்டே இருக்கேன்."

அவள் இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருந்தாள். அப்பா காதில் போட்டுக் காட்டச் சொல்லி அனுப்பிய குரல் அது. 'கேட்டுட்டார்' என்று தம்பி இந்த வீடியோவை அனுப்பினான். அவள் வந்து சேர்ந்தபோது, முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டார் என்றான்.

"என் குரல் வந்ததும் போர்வை ஏறி இறங்குது பாரு. டிவியில போட்டா புள்ளிதான் தெரியுது, அப்பாவைக் காணோம். சுத்தம் பண்ணிக் குடும்மா."

"புள்ளி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்க்கா" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. அன்னிக்கே ஒரு லைட்டைப் போட்டிருந்தா இந்த அலைச்சலே இல்ல. மகா கஞ்சன்."

* தம்பி கெட்டவன் இல்லை. அவன்— (இதை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அழித்தேன். பிறகு பார்க்கலாம்.)

3

எடிட்டரின் மென்பொருள் அடுத்தடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும். எல்லாவற்றிலும் இருப்பதை வைத்துக்கொள்ளும். ஒன்றில் வந்து அடுத்ததில் காணாமல்போவதைத் தள்ளிவிடும். முகம் தங்கும், புள்ளி போகும். துடைக்கும் அளவு மிஞ்சினால் தூறலும் புகையும், நெற்றியில் பறக்கும் ஒற்றை முடியும்கூடப் போய்விடும்.

மறுநாள் திரையில் அப்பா தெளிவாக இருந்தார். மோவாயில் நரைத்த முள்முடி, போர்வை ஓரத்துத் தையல், எல்லாம் தெரிந்தன. எட்டாவது விநாடியில் குரல் வந்தது. போர்வை அப்படியே இருந்தது.

"எங்கப்பா மூச்சையும் சேத்துத் துடைச்சிட்டியேம்மா!"

"அளவு கூடிப்போச்சுக்கா. சின்ன அசைவையும் புள்ளின்னு நினைச்சுக்கும். நாளைக்கு வாங்க, அவர் மூச்சை அவர்கிட்டயே குடுத்துடறேன்." சொன்ன பிறகுதான் எடிட்டர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அக்கா சிரித்துவிட்டாள். தம்பி சிரிக்கவில்லை.

4

எடிட்டர் அளவைப் பாதியாகக் குறைத்தாள். புள்ளிகள் திரும்பி வந்தன. போர்வை ஏறியது, இறங்கியது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

சரிபார்ப்பதற்காகக் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பெரிதாக்கினாள். சுவரும் ஏறி இறங்கியது. தலையணையைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். புள்ளிகளின் ஆட்டத்தில் எல்லாம் ஒரே சீராக மூச்சு விட்டன. எட்டாவது விநாடிக்கு முன்னும் அப்படித்தான், பின்னும் அப்படித்தான்.

அவள் திரையை அணைத்துவிட்டு, கை கழுவப் போனாள்.

(இங்கே நிறுத்தலாம். முதல் முடிவு: எடிட்டர் வாயைத் திறக்காமல் பாதி துடைத்ததைக் கொடுத்துவிடுகிறாள். இரண்டாவது: தான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறாள். ஆனால் அது அவள் சொல்ல வேண்டியது இல்லை. மூன்றாவது முடிவில் மழை பெய்தது. வெட்கமாக இருந்தது, அழித்துவிட்டேன்.)

5

அடுத்த நாள் பாதி துடைத்ததைப் போட்டுக் காட்டினாள்.

"பாத்தியாடா, ஏறுது!" அக்கா திரையில் அப்பாவின் நெஞ்சின்மேல் விரலை வைத்தாள். எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நான் வர்றேன்னு காதால கேட்டுட்டும், எனக்காக ஒரு நாள் இருக்கல பாரு. என்மேல அப்படி என்னடா கோவம் அவருக்கு?"

தம்பி எடிட்டரைப் பார்த்தான். எடிட்டர் திரையில் இருந்த சுவரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

(விட்ட வாக்கியத்தை இப்போது முடிக்கிறேன். தம்பி கெட்டவன் இல்லை. அவன் அன்று, ரயிலில் அக்கா தனியாக வருகிறாள் என்பதை மட்டும் நினைத்தவன். அவள் இப்படி ஒரு கேள்வியோடு இருப்பாள் என்று நினைக்காதவன்.

அவன் சொன்னதைக் கேட்டு அக்கா என்ன செய்தாள் என்று நான் எழுதப்போவதில்லை. அவள் விரல் இன்னும் திரைமேல்தான் இருக்கிறது. அதை நீங்கள் எடுத்துவிடுங்கள், அல்லது அப்படியே விட்டுவிடுங்கள்.)

"கோவமெல்லாம் இல்லக்கா. உன் குரலைப் போட்டுக் காட்டினப்போ அப்பா இல்ல. அன்னிக்குக் காலையிலயே போயிட்டார்."