வந்த பக்கத்துக்கே

ஐன் ஸித்ரா நகராட்சியின் இணையதளத்தை எழுதியவள் ஸிஹெம். விண்ணப்பத்தை அனுப்பியதும் சர்வர் அதைப் பதிந்துகொண்டு, ஆளை அவர் வந்த பக்கத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். தனியாக உட்கார்ந்து நாற்பது முறை சோதித்துப் பார்த்தாள். நாற்பது முறையும் சரியாகத் திரும்பியது. திங்கட்கிழமை காலை நிம்மதியாகத் திறந்துவிட்டாள்.

பத்து மணிக்கு, ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற பஷீர் வந்து நின்றார்.

"மாடி கட்ட அனுமதி கேட்டேன் மவளே. 'கிடைத்தது, நன்றி'ன்னு சொல்லிட்டு, கல்லறைக்கு இடம் ஒதுக்குற பக்கத்துல கொண்டுபோய் விட்டுட்டீங்க. எனக்கு அறுபத்தெட்டுதான் ஆகுது."

"தப்பா வந்துருச்சு ஹாஜி. மூடிட்டு வந்திருக்கலாமே?"

"அரசாங்கம் காட்டுது, எப்படி மூடுறது? நிரப்பிட்டேன். கிழக்குச் சுவர் ஓரமா, நிழல் இருக்கற இடமா கேட்டிருக்கேன்."

ஸிஹெம் ஓடிப்போய்ப் பார்த்தாள். யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதை ஆளுக்கொரு இடத்தில் வைக்காமல், எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் வைத்திருந்தாள். கடைசியாக வந்தவரின் பக்கத்துக்கே ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

"மசூதி வாசல்ல எல்லாரும் செருப்பை ஒரே மாடத்துல விட்ட மாதிரி ஆயிருச்சு, ஸி மோங்கி" என்றாள் நகராட்சிச் செயலாளர் மோங்கியிடம். "ஒரு மணி நேரம் மூடி வைக்கணும்."

மோங்கி கண்ணாடியைக் கழற்றவில்லை. "மத்தியானம்கூட ஆகல, அதுக்குள்ள தொள்ளாயிரம் விண்ணப்பம் வந்திருக்கு. போன வருஷம் முழுக்க வந்ததே எண்ணூறு. இதையா மூடச் சொல்ற?"

"நாயே இல்லாத நாற்பத்தொரு பேர் நாய்க்கு உரிமம் கேட்டிருக்காங்க."

"வாங்கிக்குவாங்க."

அவர் காபி குடிக்கப் போன நேரத்தில் ஸிஹெம் தானே தளத்தை மூடி, சரிசெய்து, திறந்தாள். ஆனால் அதுவரை வந்தவை முறைப்படி பதிவானவை. திரும்பப் பெறுவதற்குப் படிவம் கிடையாது. படிவம் இல்லாமல் எதையும் திரும்பப் பெற மோங்கி விடமாட்டார்.

வியாழக்கிழமை, தையற்காரி ஹயாத் இரண்டு சாட்சிகளோடு வந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமானவள். தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் எழுதியவளைத் தளம் திருமணப் பதிவுப் பக்கத்தில் இறக்கிவிட்டிருந்தது.

"நீங்க ஏன் லல்லா ஹயாத் அதை நிரப்புனீங்க?" என்றாள் ஸிஹெம், தலையைப் பிடித்துக்கொண்டு.

"விளக்குக்கு இன்னும் விவரம் கேக்குறாங்கன்னு நெனச்சேன். மாப்பிள்ளை பேரு கட்டாயம்னு சிவப்பா வந்துச்சு. கம்பத்து நம்பரைப் போட்டேன், இருநூத்திப் பதினேழு. இன்னைக்குப் பதினோரு மணிக்கு வரச்சொல்லி கடுதாசி வந்திருக்கு."

"சாட்சி எதுக்கு?"

"கடுதாசில இருக்கே."

பதிவாளர் பதினொன்றே கால் வரை காத்திருந்தார். பிறகு 'மணமகன் வரவில்லை' என்று எழுதி, விளக்கம் கேட்டு இருநூற்றுப் பதினேழாம் கம்பத்துக்கு ஓர் அறிவிப்பு எழுதி, மின்பிரிவுக்குக் கொடுத்தனுப்பினார். மின்பிரிவில் இரண்டு பேர் ஏணியோடு போனார்கள். அறிவிப்பைக் கம்பத்தில் ஒட்ட ஏறியவன் மேலே கம்பி அறுந்து கிடப்பதைப் பார்த்து, ஏறினது ஏறினோம் என்று அதை இணைத்துவிட்டு இறங்கினான்.

மறுநாள் ஹயாத் ஒரு தட்டு மக்ரூத் கொண்டுவந்து ஸிஹெமின் மேசையில் வைத்தாள். பேரீச்சம்பழம் வைத்து, தேனில் ஊறியவை.

"மூணு வருஷமா எழுதிப் போட்டேன், ஒருத்தனும் வரல" என்றாள். "இப்ப மணி ஒன்பதானாலும் ஊசி கோக்க முடியுது. ஆனா பக்கத்து வீட்டுக்காரி விடமாட்டேங்கறா. உன் வீட்டுக்காரர் நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லையேங்கறா."

ஸிஹெம் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மோங்கி எட்டிப் பார்த்து, எதற்கு இனிப்பு என்று கேட்டார். ஹயாத் தட்டை அவர் பக்கம் நீட்டினாள். இரண்டை எடுத்துக்கொண்டு போனார்.