சிவப்பு மையில் இரண்டு பேர்

அமெரிக்காவில், பிளானோ நகரத்தில், படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் நானும் இளமாறனும் வேலை செய்கிறோம். மறுநாள் கண்காட்சிக்காக ஒரு முகலாய ஓவியம் வந்திருந்தது. கூலிக்காரர்கள் கல் சுமந்து கோட்டை கட்டும் படம். நடுவில் திறப்பு வெட்டிய அட்டையை அதன்மேல் வைத்தேன். படத்தின் அடியிலிருந்த சிவப்பு மைக் கீறல்கள் மறைந்துவிட்டன.

நாற்பது வயதில் எழுத்துக் கற்றவன் நான். இது எனக்குத் தெரியாத மொழி, ஆனாலும் எழுத்துத்தான்.

"கறையா இருக்கும், வுடுங்ண்ணா. இருக்கறதே இந்த ஒரு அட்டைதான்" என்றான் இளமாறன்.

மனம் கேட்கவில்லை. கீறல்களைப் போட்டோ எடுத்து, படத்தைக் கொடுத்த ப்ரியம்வதா மேடத்துக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"ஐயோ, அத மறைச்சிடாதீங்க அங்கிள்! கோடு வரைஞ்சவர் ஒருத்தர், கலர் போட்டவர் இன்னொருத்தர். அரண்மனை கிளார்க் ரெண்டு பேரோட பேரையும் அங்க எழுதி வெச்சிருக்காரு."

திறப்பைக் கீழே அரை அங்குலம் பெரிதாக்க வேண்டும். கத்தி வழுக்கினால் நாளைக்குப் படம் சுவரேறாது. இளமாறன் ஸ்கேலை அழுத்திப் பிடித்தான். நான் மூச்சை அடக்கி ஒரே இழுப்பாக இழுத்தேன். இரண்டு பேரும் முழுசாக வெளியே தெரிந்தார்கள்.

"அட்டைக்குப் பின்னால நம்ம பேரையும் எழுதிப்போடுங்ண்ணா" என்றான் இளமாறன். "ஸ்கேல் புடிச்சவன் பேரு மொதல்ல."