வாசி என்று சொன்ன மூன்று மாதம்

எனக்குப் பொறுமை கிடையாது. வயலின் கற்றுக்கொடுக்கிறவளுக்கு அது பெரிய குறைதான். அதனாலேயே என் வகுப்பில் முதல் மாதம் யாருக்கும் வயலின் கிடையாது. வீடு முழுக்கக் கீச்சுக் கீச்சென்று கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. முதலில் நடக்க வேண்டும், பிறகு பாட வேண்டும். இரண்டும் உடம்பில் ஏறிவிட்டால் கை தானாகச் சொன்னபடி கேட்கும்.

2001-ல் சேவூரிலிருந்து தீபா வந்தாள். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவள் அப்பா வீரபாகு விசைத்தறி போட்டிருந்தார். ஏதோ ஒரு கல்யாண ரிசப்ஷனில் வயலினைக் கேட்டு மயங்கி, வேலூரில் சின்ன சைஸ் வயலின் ஒன்றை வாங்கிவந்து, "ஹெப்சிபா டீச்சர், நீங்கதான் சொல்லித் தரணும்" என்று நின்றார். சனிக்கிழமைதோறும் மகளை மொபெட்டில் கொண்டுவந்து விடுவார்.

அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. "வயல்ல கொக்கு நடக்குது, சேறு காலப் புடிச்சி இழுக்குது" என்றால் சிமெண்டுத் தரையிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி எடுத்து வைப்பாள். "தேவிகாபுரம் பஸ் கெளம்புது" என்றால் வெறுங்கையால் காற்றில் வில் இழுப்பதுபோல் மெல்ல ஆரம்பித்து, வேகம் பிடித்து, குலுங்காமல் நிறுத்துவாள். நானே கட்டிய நாலு வரிக் கொக்குப் பாட்டைச் சுதி பிசகாமல் பாடுவாள். அடுத்த மாதம் வயலின் கைக்கு வந்ததும், பாடிக்கொண்டே இடது கை விரல்களைக் கம்பியில் சரியான இடத்தில் வைக்கவும் பழகிவிட்டாள்.

வில்லைக் கையில் கொடுத்து "இப்ப வாசி" என்றதும் எல்லாம் போச்சு. தோள் இறுகிவிடும். வயலினின் வளைந்த துளைக்குள் குனிந்து குனிந்து பார்ப்பாள். பிறகு அழுகை. ஒரு வாரம் இரண்டு வாரம் அல்ல, மூன்று மாதம். "உள்ள என்ன எலியா கீது? வாசின்னா வாசிக்கணும்!" என்று கத்தியிருக்கிறேன். சரியான கல்லுளிமங்கி என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வீரபாகு உடனே கிளம்பாமல் வாசலிலேயே நின்றார்.

"இன்னியோட நிப்பாட்டிக்கிறேங்க. இதே நேரத்துக்கு டியூஷன் பாத்திருக்கேன். ஸ்கூல்ல பாடத்த வாசின்னு எழுப்பி வுட்டா பேந்தப் பேந்த முழிக்கிறாளாம். எழுத்துங்கல்லாம் ஆடுதுன்றா. வாசின்ற சொல்லக் கேட்டாலே வூட்ல போய் ஒளிஞ்சிக்கிறா, ஒரே பேஜாரா கீது."

தீபா வயலின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். யாரும் பிடுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

வாசி என்றதும் அவள் துளைக்குள் குனிந்து குனிந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. வயலினை வாங்கி நானும் அந்தத் துளைக்குள் பார்த்தேன். உள்ளே ஒட்டிய ஒரு சீட்டு. பொடி எழுத்தில் இங்கிலீஷில் நாலு வரி.

"இதயா வாசிக்கச் சொன்னேன்னு நெனச்சே?"

ஆமென்று தலையை ஆட்டினாள். "எனக்குத் தமிழே வராது மிஸ். அது இங்கிலீஷு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது.

"மிஸ்தான் தப்பு, தீபா. இதுல படிக்க ஒண்ணுமே இல்ல. கொக்குப் பாட்ட வாயால பாடுவ இல்ல, அதயே இப்ப கையால பாடு. நடந்துகினே பாடு."

நடந்தாள். முதல் வரி கரகரத்தது. இரண்டாவது வரியில் வாயும் சேர்ந்து முணுமுணுத்தது, வில் அதன் பின்னாலேயே போனது. நாலாவது வரி சுத்தமென்று சொல்ல மாட்டேன், ஆனால் பாட்டு அதேதான்.

"அட, வாசி..." என்று ஆரம்பித்த வீரபாகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "டியூஷன காத்தாலைக்கு மாத்திக்கிறேங்க" என்றார்.

தீபா வில்லைக் கீழே வைக்கவில்லை. "மிஸ், ஸ்கூல் புக்கயும் மொதல்ல நடந்து, பாடிட்டு, அப்பறமா பாக்கலாமா?"

ஒரு பிள்ளைக்கு எழுத்து ஏன் ஆடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தெரியாது என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"எடுத்துகினு வா," என்றேன். "ரெண்டு பேரும் நடந்து பாக்கலாம்."