தம்மாமுக்கு ஏழு பொட்டலம்

சவுதிக்குப் போவதா வேண்டாமா என்று சுபுஹான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அவனுடைய தெருவைப் பொறுத்தவரை அது எப்போதோ முடிந்துபோன விஷயம். வியாழக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வீட்டுக்கு வந்தவன், கூடத்துச் சுவரோரம் அடுக்கியிருந்த பொட்டலங்களைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ஏழு பொட்டலங்கள். ஒவ்வொன்றையும் பழுப்பு டேப்பால் மூச்சுமுட்டச் சுற்றி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் பெயரும் போன் நம்பரும் எழுதியிருந்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒருத்தன் சவுதிக்குக் கிளம்புகிறான் என்று காதில் விழுந்தால் போதும், அங்கே பிள்ளை இருக்கிற வீடெல்லாம் பொட்டலத்தோடு வந்துவிடும். கல்வராயன் மலைப் புளி, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, சளிக்குக் கஷாயப் பொடி, யாரோ ஒருவருக்குப் பவர் மாற்றிய மூக்குக் கண்ணாடி. வாங்க மாட்டேன் என்று சொல்கிறவன் அப்புறம் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. போன தடவை சுபுஹான் தன்னுடைய இரண்டு சட்டைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு அடுத்த வீட்டு அதிரசத்தைச் சுமந்துகொண்டு போனவன்.

இத்தனைக்கும் காரணம் அவன் அம்மா ரசூல் பீவிதான். திங்கட்கிழமை சாப்பிடும்போது, “சவுதியில தம்மாம்லேர்ந்து ஒரு ஆஃபர் வந்துருக்கும்மா” என்று பேச்சுவாக்கில் சொன்னான். செவ்வாய்க்கிழமை காலையில் பால் வாங்கப் போன அம்மா, பாலோடு திரும்பி வருவதற்குள் தெருவுக்கே சொல்லிவிட்டிருந்தாள். நல்ல செய்தியை வயிற்றில் வைத்திருக்க அவளால் முடியாது.

ஆனால் சுபுஹான் பாதியைத்தான் சொல்லியிருந்தான். வேலை தம்மாம் ஊருக்குள் இல்லை. கரையிலிருந்து எழுபது கிலோமீட்டர் கடலுக்குள், எரிவாயு எடுக்கிற இரும்பு மேடை ஒன்றில் எலக்ட்ரீஷியன் வேலை. ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்குவார்கள். இரண்டு மாதம் அங்கே, ஒரு மாதம் வீட்டில். இது அவன் மனைவி ஷாஜியாவுக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்குப் புதுச்சேரி கடற்கரையில் கால் நனைக்கவே பயம். அவளிடம் கடலுக்குள் வேலை என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. அவனுக்கே கொஞ்சம் உதறல் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினேழு வயதிலிருந்து தகப்பன், அத்தா ஷேக் தாவூதின் மோட்டார் கடையில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டிப் பழகிய கை அவனுடையது. எண்பதடிக் கிணற்றில் கயிற்றைப் பிடித்து இறங்கி மோட்டாரைக் கழற்றியவன். மோட்டார் விஷயத்தில் யாரும் அவனை அசைக்க முடியாது. ஆனால் சவுதியை அவன் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டான். ரியாத் பக்கம் ஒரு தொழிலாளர் கேம்பில் இரண்டரை வருடம். மகள் ஜன்னத் பிறந்ததைப் போனில்தான் பார்த்தான். திரும்பி வந்த அன்று அவன் தூக்கப் போனபோது, குழந்தை ஷாஜியாவின் போனை எடுத்து அவனிடம் நீட்டி, “அத்தா இதுல இருக்காங்க” என்றது. அன்றைக்கு அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். இனி சவுதி என்ற பேச்சே வேண்டாம் என்று பத்து மாதமாகக் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது வந்திருப்பது வேறு மாதிரி வேலை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வெள்ளியும் சனியும் அங்கே லீவு, ஞாயிற்றுக்கிழமை இடம் வேறொருவனுக்குப் போய்விடும் என்று சென்னை ஏஜென்சிக்காரர் தமிழழகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டே ஷாஜியா சொன்னாள். “போறதும் போவாததும் உங்க இஷ்டம். ஆனா தம்மாமுக்குப் போறீங்கன்னு நெனைச்சிக்கினு கொடுத்துட்டுப் போயிருக்காங்க. மொதல்ல இதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

அவள் சொன்னது நியாயம். நடுக்கடலில் நிற்கிறவன் யார் ரூமுக்குப் போய்ப் புளியைக் கொடுப்பான்? ரசூல் பீவி பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தாள். அனேகமாக எட்டாவது பொட்டலத்துக்கு. அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று சுபுஹான் ஏழையும் ஒரு சாக்கில் போட்டு வண்டியில் கட்டினான்.

முதலில் அதே தெருவில் அமீனுல்லா வீடு. அமீனுல்லா தம்மாமில் டிரைவர். அவன் அம்மா ஊறுகாயைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நிற்கிற இடத்தைச் சுற்றித் தண்ணீர்தான், ஊரில்லை, கடையில்லை, போக்குவரத்து இல்லை என்று சுபுஹான் திக்கித் திணறிச் சொன்னான். சொல்லச் சொல்ல, இதென்னடா ஜெயிலுக்குப் போகிற மாதிரி இருக்கிறதே என்று அவனுக்கே தோன்றியது. அந்த அம்மாள் ஊறுகாயை வாங்கிக்கொண்டு, அவனைப் பாவமாகப் பார்த்தாள்.

இரண்டாவது வீட்டில், அது கப்பலா என்று கேட்டார்கள். கப்பல் இல்லை, கடலின் தரையில் இரும்புக் கால் ஊன்றி நிற்கிற கட்டடம் என்று விளக்கினான். மூன்றாவது வீட்டில் சாப்பாடு எப்படி என்றார்கள். மூன்று வேளையும் ஹலால் சாப்பாடு, தனி ரூம், போன் பேச வைஃபை என்று சொன்னான். இதெல்லாம் காகிதத்தில் முன்பே படித்ததுதான், ஆனால் வாயால் சொல்லும்போதுதான் மனதில் ஏறியது. ஆறாவது வீட்டில் யாரும் கேட்காமலேயே ஹெலிகாப்டர் பயிற்சியைச் சொன்னான். நீச்சல்குளத்துக்குள் ஹெலிகாப்டர் மாதிரி ஒரு கூண்டை ஆளோடு கவிழ்ப்பார்களாம், தண்ணீருக்கடியில் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே வர வேண்டுமாம். கிணற்றுக்குள் முழுகிக் குழாயின் அடியிலிருக்கும் ஃபுட்வால்வைக் கழற்றியவனுக்கு இதென்ன பெரிய விஷயம் என்று அவனே சொல்லிச் சிரித்துக்கொண்டான்.

ஏழாவது பொட்டலம் பக்கத்து ஊர் தியாகதுருகத்துக்குப் போக வேண்டும். ஆதிமூலம் என்கிற கரும்பு விவசாயி கொடுத்தது. அவருடைய மகன் சரத்குமார் தம்மாம் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். சுபுஹான் போய்ச் சேர்ந்தபோது ஆதிமூலம் அந்த ஊர் மலைக்கோட்டைக்குப் பின்பக்கம் மோட்டார் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். மகனுக்குக் கொடுத்த வெல்லம் திரும்பி வந்ததில் அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. கவலையெல்லாம் மோட்டாரைப் பற்றித்தான். நாலு வருடத்துக்கு முன்னால் சுபுஹான் காயில் கட்டிக் கொடுத்த மோட்டார் அது, இன்னும் ஒரு தடவைகூட எரியவில்லை.

“நீ பாட்டுக்குக் கடலுக்குள்ள போய் ஒக்காந்துக்கினா, இது எரிஞ்சா நான் யாராண்ட போவறது?” என்றார்.

“அத்தா இருக்காருங்க. அதுவும் இல்லாம நான் இன்னா ரெண்டு வருசமா இருக்கப் போறேன்? ரெண்டு மாசத்துல வந்துடுவேன். அதுவரைக்கும் எரியாம பாத்துக்குங்க.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. வந்துடுவேன் என்கிறான். போகவே இல்லையே, அதற்குள் வருவதைப் பற்றிப் பேசுகிறான். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்க ஏழு பேரைத் தேடிப் போனவன், ஏழாவது ஆளிடம் போகிறவனாகவே ஆகிவிட்டான். ஆதிமூலம் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் குழாயில் நிறைந்து கொட்டியது. என் கை வேலை, எங்கே வைத்தாலும் ஓடும் என்று சுபுஹானுக்குத் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. மணி நாலைத் தாண்டியிருந்ததால் வண்டியை முறுக்கினான்.

வண்டியைவிடப் போன் வேகமாகப் போயிருந்தது. வீட்டில் ரசூல் பீவி கூடத்தில் கையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். அமீனுல்லாவின் அம்மா எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டிருந்தாள். ஷாஜியா அடுப்படி வாசலில் நின்றாள். அவள் இடுப்பில் ஜன்னத்.

“மறைச்சது தப்புதாம்மா,” என்றான் சுபுஹான். “நீ பயப்படுவன்னுதான் சொல்லல. ஆனா நான் போவலாம்னு இருக்கேன்.”

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை. கடலைப் பற்றி, புயலைப் பற்றி, ஹெலிகாப்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“நாலாப் பக்கமும் தண்ணிங்கிற. தொழுவறதுக்கு எந்தப் பக்கம் திரும்பி நிப்ப?”

சுபுஹானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வோல்டேஜ் கேட்டிருக்கிறான், வைஃபை கேட்டிருக்கிறான், இதைக் கேட்கவில்லை. தமிழழகனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அதையே கேட்டான்.

“எல்லா ரூம்லயும் கூரையில மக்கா இருக்கற பக்கம் காட்டி அம்புக்குறி போட்டிருப்பாங்க,” என்றது போன். “அது படகு மாதிரி இல்லீங்க. கால் ஊனி நிக்குது. ஒரு நாளும் திரும்பாது. சரி, உங்க பதில் இன்னா சார்? மணி நாலே முக்கால்.”

சுபுஹான் அம்மாவைப் பார்த்தான். திரும்பாது என்ற சொல்லில் அவள் முகம் இளகியிருந்தது. நகராத இடத்தில் நிற்கிற பிள்ளையைப் பற்றி எதற்குப் பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் தலையசைப்பதற்கு முன்பே அவன் வரேன் என்று போனில் சொல்லிவிட்டான். ஷாஜியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பயணம் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி என்றதும் ரசூல் பீவி எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கழற்றினாள். எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகத் தள்ளினாள். செப்டம்பர் ஒன்று. அங்கிருந்து இரண்டு மாதம். நவம்பர் ஒன்றாம் தேதித் தாளின் முனையை மடித்து, நகத்தால் அழுத்தினாள். போன தடவை மகனை வழியனுப்பிவிட்டு வந்து இதே மாதிரி காலண்டரைப் புரட்டியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. கடைசித் தாள் வரை புரட்டியும் அவன் திரும்பி வரும் நாள் அதில் இல்லை. அடுத்த வருடக் காலண்டரிலும் இல்லை.

ஜன்னத் இறங்கி வந்து, மடித்த முனையை விரலால் தொட்டு அது என்ன என்று கேட்டாள்.

“உங்க அத்தா,” என்றாள் ரசூல் பீவி. “இதுல இருக்காரு.”